அண்ணே, எந்த வேலைக்குப் போடலாம்?

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எனக்கு வியாபாரம். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர் பஸ் ஒரு பக்கமும் திருவாரூர் பஸ் மறுபக்கமும் வரிசை கட்டி நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் இறங்கி டீ குடிக்கப் போவார்கள். பையில் சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் என் கடைக்குள் எட்டிப்பார்த்து, "அண்ணே, இப்ப என்ன கால்ஃபார் பண்ணியிருக்காங்க? எதுவா இருந்தாலும் போட்டு விடுங்க" என்பார்கள்.

ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் பதினாலு வருஷமாக என் பிழைப்பு. சொன்னதைப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினால் என் வேலை முடிந்தது. ஆனால் அதே முகம் ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு வேலைக்கு விண்ணப்பம் போட வந்து நிற்கும். "அந்த வேலை என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒத்துவரலண்ணே."

அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கிண்டிக் கிண்டிக் கேட்டிருக்கிறேன். வேலை தெரியாமல் திரும்பியவர்கள் குறைவு. தன் குணத்துக்கும் அந்த வேலைக்கும் ஏழாம் பொருத்தமாக இருந்து திரும்பியவர்கள் உண்டு. தனக்கு எது முக்கியம் என்பதே சேர்ந்த பிறகுதான் தெரிந்து திரும்பியவர்கள் அதைவிட அதிகம். முதல் வேலை தேடுகிறவர்களுக்குக் கடையில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் கதை. பி.காம் முடித்தவுடன் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பைக், பெட்ரோல் காசு, நல்ல சம்பளம், நல்ல மேலாளர். ஒரு சம்பா பருவத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன். வயசான விவசாயி ஒருவர் நாலு நெல் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இலைச்சுருட்டுப் புழு. "வயல்ல எவ்வளவு இருக்குங்கய்யா?" என்றேன். "அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் தம்பி" என்றார். பயிர் வளரும் காலத்தில் பத்து சதவீத இலைகளுக்குக் கீழே சேதம் என்றால் மருந்தே தேவையில்லை. அது எனக்குத் தெரியும். மாசக் கடைசி, டார்கெட்டுக்கு இன்னும் பாக்கி இருந்ததும் தெரியும். விற்றேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ரூபாயை எடுத்து எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினோரு மாதத்தில் வேலையை விட்டேன். கம்பெனி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதே வேலையை என் கூடச் சேர்ந்த பையன் சந்தோஷமாகச் செய்தான். தேவைப்பட்டவருக்கு மட்டும் விற்றே டார்கெட்டையும் முடித்தான். 'வேண்டாம்' என்பவரை 'சரி' சொல்ல வைப்பது அவனுக்கு விளையாட்டு, எனக்கு வயிற்றுவலி.

கல்யாண வீட்டில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

குணத்தை அறிய ஆன்லைனில் ஆயிரம் டெஸ்ட் இருக்கிறது. அதற்கு முன்னால் இதை யோசியுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. தானாக எங்கே போய் நிற்பீர்கள்?

ஜெனரேட்டர் நின்றுவிட்டால் முதலில் ஓடுகிற ஒருத்தன் இருப்பான், கை கரியாகாமல் திரும்ப மாட்டான். பால் திரிந்துபோனால் இன்னொருத்தன் எந்தக் கேன், எத்தனை மணிக்கு வந்தது, யார் அடுப்பில் வைத்தது என்று துருவிக்கொண்டிருப்பான். மணமேடைப் பூ அலங்காரத்தில் "இந்தக் கலர் வேணாம், மாத்துங்க" என்று நிற்பவள் ஒருத்தி. பந்தியில் பாட்டிக்கு ரசம் போதுமா என்று குனிந்து கேட்பவர் ஒருவர். சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் பேரம் பேசி, நாலு பேரை ஏவிக்கொண்டு திரிபவர் ஒருவர். இது எதிலும் இல்லாமல், ஒரு மேஜை போட்டு மொய் நோட்டைத் திறந்து, ஊர், பெயர், தொகை என்று கோடு போட்டு உட்கார்ந்துவிடுபவர் இன்னொருவர்.

ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் முன்வைத்த ஆறு வகையும் ஏறக்குறைய இதுதான்: கையால் செய்பவர், துருவி அறிபவர், படைப்பவர், பிறருக்கு உதவுபவர், ஆளை நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர். மனிதர்களைப் போலவே வேலையிடங்களும் இந்த ஆறு சாயலில் இருக்கின்றன, இரண்டும் பொருந்தினால் மனசு ஒட்டும் என்பது அவர் வாதம். யாரும் ஒரே வகையில் அடங்க மாட்டார்கள். மேலே நிற்கிற இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் மொய் நோட்டும் பந்தியும். பேரம் பேசுவது என் வரிசையில் கடைசி. அதில் கொண்டுபோய் என்னை நானே தள்ளிக்கொண்டேன்.

கல்யாணக் கேள்வியோடு ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். தினமும் இரண்டே வரி. இன்று எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலை முடிந்ததும் ஆளே துவண்டு போனீர்கள்? பிடிக்கும், பிடிக்காது என்று எழுதாதீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தம்பியின் சைக்கிளைப் பிரித்து மாட்டியது, அம்மாவின் மகளிர் குழுக் கணக்கைச் சரிபார்த்தது, எல்லாம் கணக்கில் சேரும்.

நாலு எழுத்தில் ஆளை அடக்கிச் சொல்லும் டெஸ்ட் ஒன்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. பொழுதுபோக்குக்குச் செய்யலாம். அதே ஆள் சில வாரம் கழித்து மறுபடி செய்தால் வேறு எழுத்து வருவது சகஜம், அதை நம்பி வேலையைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு குணத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கும் குணம். எந்தத் தொழிலாக இருந்தாலும் வேலைத்திறனோடு ஒட்டி வருவது இது என்று ஆய்வாளர்கள் 1991 முதலே சொல்லிவருகிறார்கள். இது குறைவு என்று தெரிந்தால் வீட்டிலிருந்தபடி, நேரக் கணக்கில்லாமல் பார்க்கும் வேலை உங்களைக் கெடுத்துவிடும். மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே என்ற வேலை காப்பாற்றும்.

குணத்துக்கு ஏற்ற வேலை இங்கே எங்கே இருக்கிறது?

"டெல்டாவில் விவசாயத்தை விட்டால் என்ன இருக்கு?" என்பார்கள். 2020-ல் இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. எண்ணெய், எரிவாயு எடுப்பது மாதிரியான சில தொழில்கள் புதிதாக வர முடியாது. அதனால் ஒரே இடத்தில் பத்தாயிரம் பேருக்கு வேலை தரும் ஆலையைத் தேடினால் கிடைக்காது. சிறிது சிறிதாகத் தேடினால் ஆறு வகைக்கும் இங்கே இடம் இருக்கிறது.

கைவேலைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.டி.ஐ. முடித்து அறுவடை இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவனைச் சம்பா அறுப்பில் மூன்று ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள். இவற்றில் கைத்திறனும் கலையும் பாதிப்பாதி. பொறுமை இல்லாதவனுக்கு ஆகாது. துருவி அறிபவர்களுக்கு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கான மத்திய அரசுக் கல்வி நிறுவனம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆய்வகம் சார்ந்த பணிகளும் திட்டகாலப் பணிகளும் வரும். நிரந்தரம் இல்லை என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் தஞ்சாவூரில் 2024-ல் திறந்த மினி டைடல் பூங்காவையும் ஒரு கண் பார்த்து வையுங்கள், எல்லோரும் சென்னைக்கே பஸ் ஏற வேண்டியதில்லை.

ஒரே வேலைக்குள் இரண்டு குணம் எப்படி மோதும் என்பதற்கு நெல் கொள்முதல் நிலையத்தைச் சொல்வேன். பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை, கணக்குப் பிள்ளைக்கேற்ற வேலை மாதிரித் தெரியும். 40 கிலோ மூட்டை, சிட்டா, அடங்கல் என்கிற நில ஆவணங்கள், வங்கிக் கணக்கு எண், எல்லாம் கோடு போட்ட வேலை. ஆனால் குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டும். மீட்டரைக் காட்டி, "காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். எதிரே நிற்பவர் உங்கள் சித்தப்பாவாக இருப்பார். நாலு நாளாகக் களத்தில் படுத்துக் கிடந்தவராக இருப்பார். ஒழுங்கு பிடிக்கும், ஆனால் யார் மனசும் நோகக் கூடாது என்கிற ஆள் அங்கே செத்துப் பிழைப்பான். சொந்த ஊரில் செய்யக் கூடாத வேலை என்று சில உண்டு, அது உங்களுக்கு எது என்று யோசியுங்கள்.

எட்டுத் துண்டுச் சீட்டு

குணம் ஒரு பாதி. மறுபாதி, உங்களுக்கு எது பெரிசு என்பது. ஹெச்.ஆர். காரர்கள் இதற்குப் பணி விழுமியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேப்பரை எட்டாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒன்று எழுதுங்கள்:

மாசம் முதல் தேதி தவறாத சம்பளம். கைநிறையப் பணம். ராத்திரி சொந்த வீட்டில் தூக்கம். ஊரில் மதிப்பு. யாருக்கும் கைகட்டி நிற்காமை. புதிதாகக் கற்றுக்கொண்டே இருப்பது. நல்ல மேலாளர், நல்ல சகாக்கள். மனசுக்கு விரோதமில்லாத வேலை.

எட்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இனிமேல்தான் விஷயம். இரண்டு சீட்டை எடுங்கள், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் குப்பையில் போட வேண்டும். மிச்சமிருக்கும் சீட்டுகளையும் இப்படியே இரண்டிரண்டாக மோதவிடுங்கள். கடைசியில் மூன்று மிஞ்சும் வரை.

வலங்கைமான் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. வேதியியல், என் கடை மேஜையில் இதைச் செய்தாள். 'ஊரில் மதிப்பு' சீட்டை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இது எனக்கு வேணுமா, அப்பாவுக்கு வேணுமான்னு தெரியலண்ணே" என்றாள். பிறகு அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள், குப்பையிலும் போடவில்லை, மேஜையிலும் வைக்கவில்லை. மிஞ்சியவை: வீட்டில் தூக்கம், கற்றுக்கொள்வது, தவறாத சம்பளம். அன்று அவள் விண்ணப்பிக்க வந்தது ஓசூரில் இரவு ஷிப்ட் உள்ள ஒரு ஆலைக்கு. போடாமல் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். ஓசூரில் சொன்ன சம்பளத்தில் முக்கால்வாசிதான், பஸ் பாஸ் எடுத்துத் தினமும் போய் வருகிறாள்.

கையில் இருக்கும் சீட்டு யாருடைய ஆசை என்று கேளுங்கள். நம் பக்கம் வேலையைத் தேர்ந்தெடுப்பது ஒருத்தர் இல்லை. அப்பா, மாமா, பெண் கொடுக்கப் போகிறவர் எல்லாரும் சேர்ந்துதான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் இருந்து, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்காலுக்கு ஒரு கை வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் நாலு நாள் லீவு தருவார்களா என்பது எங்கள் ஊரில் ஒரு உண்மையான கேள்வி, வேலைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீட்டின் வரிசை மாறும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. வருஷக்கணக்கில் தண்ணீர் விட்டு வளர்த்த மரம் ஒரு ராத்திரியில் போனது. 'கைகட்டாமல் இருப்பேன்' என்றிருந்த பல வீடுகளில் அதற்குப் பிறகு 'முதல் தேதி சம்பளம்' மேலே ஏறிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை சீட்டைக் கிழித்துப் பாருங்கள்.

பரீட்சைக்கு ஒரு குணம், வேலைக்கு ஒரு குணம்

அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதாத வீடு இங்கே ஏது? 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகத் தேர்வு கிடையாது. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளையே திருத்த மாட்டார்கள். வாய் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதைப்போல நியாயமான வழி வேறில்லை. பேச்சுத் திறனையோ உடையையோ இங்கிலீஷையோ யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் பரீட்சைக்குத் தேவையான குணம் ஒன்று, வேலைக்குத் தேவையான குணம் வேறு. மூன்று வருஷம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து படிக்க முடிந்த பையன் கிராம நிர்வாக அலுவலர் ஆகிறான். மறுநாள் காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள். அடங்கல் வேண்டும், வாரிசுச் சான்றுக்கு அறிக்கை வேண்டும், வாய்க்கால் தகராறு. மழையில் பயிர் மூழ்கினால் வயல் வயலாக இறங்கிக் கணக்கெடுக்க வேண்டும், விடுபட்டவர் சட்டையைப் பிடிப்பார். கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவனுக்கு அதே தேர்வில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று வேறு பணிகளும் இருக்கின்றன. கலந்தாய்வில் பணியைத் தேர்ந்தெடுக்கும் நாளில், எது பெரிசு என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் உங்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, எத்தனை தடவை எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை உங்கள் இஷ்டம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பகுதி நேரமாக ஒரு வேலை பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. கோச்சிங் சென்டர்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாடு போவதைப் பற்றி இரண்டே வரி. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகப் போகிறவர்கள் மட்டும், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். எட்டுச் சீட்டில் 'வீட்டில் தூக்கம்' முதல் மூன்றில் இருந்தால் விசா வருமுன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

உங்கள் குணத்துக்கு ஏற்றபடி தேடுங்கள்

பேசத் தயங்குகிறவர்கள் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், கூட்டம் சேருமுன் மூன்று கம்பெனி மேஜையை முடித்துவிடலாம். பேச வேண்டியதை மூன்று வாக்கியமாக எழுதிப் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: என்ன படித்தேன், என்ன செய்யத் தெரியும், என்ன வேலை தேடுகிறேன். அரசின் தனியார் வேலை இணையத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்ததை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அதோடு அங்கே தொழில்நெறி வழிகாட்டலும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை, காசில்லை, கேளுங்கள்.

கலகலப்பானவர்களுக்கு நோய் வேறு. ஐம்பது இடத்தில் போடுவார்கள், எங்கே போட்டோம் என்று தெரியாது. கம்பெனியிலிருந்து போன் வந்தால் "எந்த கம்பெனி சார்?" என்பார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், யாரிடம் பேசியது, அடுத்து எப்போது கேட்பது. எல்லாம் சரியாக இருந்தால்தான் போடுவேன் என்கிற ஒழுங்குக்காரர்கள் விளம்பரத்தில் கேட்ட ஏழு தகுதியில் ஐந்து இருந்தும் போடாமல் விட்டுவிடுவார்கள். தனியார் விளம்பரம் என்றால் போடுங்கள். (அரசு அறிவிக்கையில் கேட்ட கல்வித்தகுதி இல்லாமல் போடாதீர்கள், கட்டணம்தான் வீண்.)

யாரிடம் சொல்லி வைப்பது என்பதில் நாம் எல்லோருமே தப்பு செய்கிறோம். சித்தப்பா, அத்தை மகன், பக்கத்து வீட்டு நண்பன் என்று நெருங்கினவர்களிடமே சொல்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களிடம் விசாரித்துச் சொன்னது இது: அறிமுகத்தால் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வழிகாட்டியது எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான். பழைய வாத்தியார், சீனியர், அப்பா உரம் வாங்கும் கடைக்காரர், முன்பு பக்கத்துத் தெருவில் குடியிருந்து மாறிப்போன குடும்பம்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. கணிதமேதை ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகு 1910-ல் முன்பின் பழக்கமில்லாத துணை ஆட்சியர் வி.ராமஸ்வாமி ஐயரைத் திருக்கோவிலூருக்கே போய்ப் பார்த்து, ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். கையில் கணக்கு நோட்டு. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த ஆளை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட்டு முடக்க மனமில்லை என்று சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தத் தொடர்பு இன்னொரு தொடர்பாகி, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். அங்கே மேலாளர் நாராயண ஐயருக்கும் கணக்கில் ஈடுபாடு. ராமானுஜனுக்கு எட்டுச் சீட்டு கொடுத்திருந்தால் பணத்தை முதலிலேயே கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்குப் போதுமான சம்பளமும் கணக்குப் போட நேரமும் வேண்டும், அவ்வளவுதான். நம்மில் யாரும் ராமானுஜன் இல்லை, ஆனால் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போனாரே, அதைச் செய்யலாம். தையல் என்றால் தைத்த ரவிக்கை, வெல்டிங் என்றால் செய்த கேட்டின் போட்டோ, டேலி என்றால் நீங்களே போட்ட ஒரு கணக்கு.

தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

காளான் வளர்க்கலாமா, பேக்கரி போடலாமா என்று யோசிப்பவர்கள் லோனைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். முதலில் தொட்டுப் பாருங்கள். எங்கள் நீடாமங்கலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அவ்வப்போது பயிற்சி நடத்துகிறது. வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சாப்பாடும் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். ஒரு வாரம் அந்த வாசனையிலேயே இருந்து பார்த்தால் இது நம்மால் ஆகுமா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு மாவட்டத் தொழில் மையம், மானியம் எல்லாம்.

கம்பெனி வேலைக்கு இதே சோதனை உண்டு. நேர்முகத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், கம்பெனி வாசல் டீக்கடையில் உட்காருங்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள், பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறார்களா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டா? டீ மாஸ்டரிடம், "இங்க ஆளுங்க அடிக்கடி மாறுவாங்களாண்ணே?" என்று ஒரு கேள்வி. ஹெச்.ஆர். சொல்லாததை அவர் சொல்வார்.

உள்ளே போனால் கேட்க வேண்டியது. நல்ல பிள்ளைகள், எதிர்த்துப் பேசாத குணம் உள்ளவர்கள், இங்கேதான் ஏமாறுகிறார்கள். சம்பளம் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். வணக்கம் சொல்லி, மெதுவாக, இப்படியே கேளுங்கள்: "சார், பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?" பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம். இந்த இரண்டும் பிடிக்கவில்லை என்றால் கைக்கு அதிகம் வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். "வார லீவு எந்த நாள் சார்? பொங்கலுக்கு, அறுப்புக்கு முன்கூட்டிச் சொன்னா லீவு கிடைக்குமா? பணி நியமனக் கடிதம் எப்ப கொடுப்பீங்க?" உங்கள் மூன்று சீட்டிலிருந்து ஒவ்வொரு கேள்வி. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கிருந்தே எழுந்து வந்துவிடுங்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொன்னால் போதும், நம் ஊரில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேர்ந்த பிறகு முதல் மாதம் எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் மாதம் எல்லா வேலையும் கசக்கும், ஹாஸ்டல் சாம்பார் உட்பட. மூன்றாம் மாதம் மறுபடி அந்த ஒரு வார நோட்டை எழுதிப் பாருங்கள். துவண்டு போன நாட்கள் வேலையாலா, மேலாளராலா, தங்கியிருக்கும் அறையாலா என்று பிரித்து எழுதுங்கள். அறை என்றால் அறையை மாற்றினால் போதும். வேலையே என்றால், விடுவதற்கு முன் அடுத்ததைப் பிடித்துவிட்டு விடுங்கள். நான் அப்படிச் செய்யாததால் எட்டு மாதம் அம்மா தாலிச் செயினில் சாப்பிட்டேன்.

கடைக்கு வரும்போது ஆதார், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், சாதிச் சான்று, ஒரு கைப்பேசி எண் (அடிக்கடி மாற்றாத எண்), சொந்தமாக ஒரு இமெயில். டி.என்.பி.எஸ்.சி.க்குப் போட்டோ 20 முதல் 50 கே.பி. வரை, கையெழுத்து 10 முதல் 20 கே.பி. வரை. இதை வீட்டிலேயே குறைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கேட் எப்போது திறக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் தெரியும், திறந்தால் பஸ் உங்களுக்காக நிற்காது.